கொப்பரையில் ஏறிப் பிடித்த கெண்டை

எங்கள் ஏரியில் பரிசலில் போய் மீன் பிடித்தவர்கள் உண்டு. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று வலை வீசியவர்கள் உண்டு. விரால் என்று நினைத்து மடைக்குள் கையை விட்டுத் தண்ணீர்ப் பாம்பைப் பிடித்துக்கொண்டு அலறியவர்களும் உண்டு. ஆனால் வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையில் ஏறிப் போய் மீன் பிடித்தவள் நான் ஒருத்திதான். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இதுகள் ஜென்மத்தில் ஒரு அயிரையாவது பிடித்திருக்குமா?

ஏரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மேட்டூரில் அணை கட்டி முடித்து, அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் முன்னால் எங்கள் ஏரியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கும். கொல்லிமலைப் பக்கமிருந்து ஓடைத் தண்ணீர் வந்து தேங்கும். கிழக்குக் கரையில் எங்கள் ஊர். மேற்குக் கரையில் என் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர். இந்தக் கரையில் நின்று பலமாகக் கூப்பிட்டால் அந்தக் கரையில் மேய்கிற எருமை திரும்பிப் பார்க்கும். அவ்வளவுதான் அகலம்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அவளைக் கட்டிய மாமாவுக்கும் என் அப்பாவுக்கும் சண்டை வந்து, அத்தை எங்கள் வீட்டிலேயே தங்கிப்போனாள். காரணம் ஒரு வாளை மீன்.

சித்திரையில் ஏரி வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும் இரண்டு ஊரும் சேர்ந்து இறங்கி மீன் பிடிப்பது வழக்கம். அந்த வருஷம் ஆள் உயரத்துக்கு ஒரு வாளை. தலைப்பக்கம் அப்பா பிடித்தார், வால்பக்கம் மாமா பிடித்தார். இரண்டு பேரும் விடவில்லை. சேற்றில் உருண்டார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் மீனை நட்டநடுவே வெட்டித் தலையை அப்பாவுக்கும் வாலை மாமாவுக்கும் கொடுத்துத் தகராறைத் தீர்த்தார்கள். தீர்த்ததாக நினைத்தார்கள். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் விருந்து. அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். எல்லோரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது அப்பா மீன் தலையைத் தன் இலையில் வைத்துக்கொண்டு, "தலை நம்ம ஊட்டுல இருக்குது, தங்கச்சியத்தான் வாலுக்குக் குடுத்துட்டேன்" என்றார். தமாஷுக்குத்தான் சொன்னார். என் அப்பாவின் தமாஷ் எப்போதுமே அப்படித்தான், எதிரில் இருப்பவன் சோற்றில் மண் விழுந்த மாதிரி இருக்கும்.

மாமா இலையை மடித்துவிட்டு எழுந்தார். இனி உங்கள் கரையை மிதித்தால் நான் ஆம்பிளை இல்லை என்றார். அப்பாவுக்கு உடனே மீசை துடித்தது. நீ வந்து முறையாகக் கூப்பிடாமல் என் தங்கை உன் கரையை மிதிக்க மாட்டாள் என்றார். அத்தை ரசம் ஊற்ற வந்தவள், கையில் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆடியில் புதுப்பெண் தாய்வீட்டில் இருப்பது எங்கும் உள்ளதுதான். அதனால் ஆடி வரைக்கும் ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தது. ஆவணியில் ஆரம்பித்தது பேச்சு. என்னங்க, உங்க நாத்தனா இன்னும் போகலீங்களா என்று கிணற்றடியில் கேட்பார்கள். அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாள். வந்து அடுப்பில் விறகை உடைத்துப் போடுகிற சத்தத்திலேயே அவள் கோபம் தெரியும். ஆரம்பத்தில் அம்மாவுக்கும் அத்தைக்கும் அவ்வளவாக ஆகாது. குழம்பில் புளி கூட, உப்புக் குறைவு என்று ஏதாவது இருக்கும். பிறகு எப்போது இரண்டு பேரும் ஒன்றானார்கள் என்று எனக்குத் தெரியாது. புரட்டாசி வாக்கில் ஒரே தட்டத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டு, நான் போனால் பேச்சை நிறுத்தினார்கள்.

எனக்கு இதில் வேறொரு துக்கம் இருந்தது. மாமாவிடம் ஒரு பரிசல் இருந்தது. காவிரிக்கரைச் சொந்தக்காரர்களிடமிருந்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தது. இரண்டு ஊரிலும் அது ஒன்றுதான். அடுத்த பொங்கலுக்கு ஏரி நிறைந்ததும் உன்னை அதில் ஏற்றி நடு ஏரிக்குக் கூட்டிப்போய் மீன் பிடிக்கச் சொல்லித் தருகிறேன் என்று தலையில் கை வைத்து எனக்குச் சத்தியம் செய்திருந்தார். ஊர் முழுக்க இதைச் சொல்லி வைத்திருந்தேன். அந்த வாளை மீன் வந்து என் பரிசலைக் கவிழ்த்துவிட்டது. அத்தை அழுததைவிட நான் அதிகம் அழுதிருப்பேன்.

ஐப்பசியில் கொட்டிய மழையில் ஏரி ததும்பிவிட்டது. மார்கழிக் கடைசியில் வளையல்காரம்மா வந்தாள். அத்தையின் கையைப் பிடித்து வளையலை ஏற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, அந்தக் கரையில் மாமாவின் அம்மா பரமத்திப் பக்கம் வேறு பெண் பார்க்கிறாள், தை முடிவதற்குள் முடித்துவிடப் போகிறார்களாம் என்றாள். அத்தை கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாதி வளையல்தான் ஏறியிருந்தது. எனக்கோ பரிசல் கவலை. புதுப் பெண் வந்தால் அவள் வீட்டுப் பிள்ளைகளைத்தானே மாமா பரிசலில் ஏற்றுவார்?

அம்மா மட்டும் பதறவில்லை. வளையல்காரம்மாவுக்கு மொடா நிறையக் கூழ் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நீங்க அந்தப் பக்கம் போனீங்கன்னா, பூப்பறிப்பன்னைக்கு ஏரியில தண்ணி நெறையக் கெடக்குதுன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லுங்க" என்றாள். ஏரியில் தண்ணீர் கிடப்பது மாமாவுக்குத் தெரியாதா, அவர் வீட்டு வாசலில்தானே ஏரி என்று நான் குறுக்கே விழுந்தேன். அம்மா என் வாயில் ஒரு வெல்லக்கட்டியைத் திணித்தாள்.

பூப்பறிப்பு எங்கள் பக்கத்துப் பொங்கலின் கடைசி நாள். பெண்டு பிள்ளைகள் எல்லாம் ஆவாரம்பூப் பறித்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், கும்மி கொட்டி, பூவைத் தண்ணீரில் விட்டு, கட்டிக்கொண்டு போன பண்டத்தைத் தின்றுவிட்டு வருவோம். அன்று பெண்களை எங்கே போகிறாய், கையில் என்ன மூட்டை என்று யாரும் கேட்க மாட்டார்கள். அம்மா ஒரு பெரிய மூட்டையைக் கட்டி அத்தையின் தலையில் வைத்தாள். வெல்லப்பாகில் சுட்ட கச்சாயம் என்றாள். இவ்வளவு கச்சாயமா என்று எனக்கு வாயூறியது. வழி முழுக்க அந்த மூட்டையைவிட்டு நான் பிரியவில்லை.

ஏரிக்கரையை ஒட்டித்தான் எங்கள் கரும்புக் காடு. மறுநாள் ஆலை ஆட்டத் தொடங்குவதாக இருந்ததால் ஆலைக் கொட்டாய் போட்டு, கொப்பரையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு அகலம். அப்பா அடுப்புக்கு மண் பூசிவிட்டுக் கொட்டாய் நிழலில் படுத்திருந்தார்.

கும்மி நடந்துகொண்டிருக்கும்போது அத்தை என்னைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கரையைக் காட்டினாள். மாமாவின் பரிசல் தண்ணீரில் நின்றது. அதில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். அங்க பாரு சாமி, உனக்குச் சொன்ன பரிசல் என்றாள். அவ்வளவுதான். நான் கீழே விழுந்து புரண்டேன். நான் அடம் பிடித்தால் சாதாரணமாகப் பிடிக்க மாட்டேன், எட்டு ஊருக்குக் கேட்கும். பரிசல் வேண்டும், மீன் வேண்டும், இப்போதே வேண்டும். அம்மா என்னை அடக்கவே இல்லை. இன்னும் நன்றாக அழட்டும் என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கண்ணை மூட முடியாமல் அப்பா எழுந்து வந்தார். அந்தப் பரிசலைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். "பரிசலுமில்ல ஒண்ணுமில்ல. வேணுமின்னா அந்தக் கொப்பரையில ஏறிப் போ" என்று கத்திவிட்டு, உருமாலைத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மறுபடி படுத்துவிட்டார். அதே வாய்தான், மறுபடி.

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா அத்தையைப் பார்த்தாள். "அண்ணனே சொல்லிட்டாருங்க, நங்கை" என்று அண்ணியிடம் சொன்னாள் அத்தை.

கும்மியடித்த பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கொப்பரையைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டார்கள். மிதந்தது. எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அதன் காது வளையத்தில், கிணற்றில் கவலை இறைக்கிற வடக்கயிறு இரண்டை முடிந்து அம்மா கட்டினாள். அந்தக் கயிறு அங்கே எப்படி வந்தது என்று நான் யோசிக்கவில்லை. பாகு துழாவுகிற நீளத் துடுப்பை எடுத்துக்கொண்டு அத்தை ஏறினாள். மூட்டை ஏறியது. தூண்டிலோடு நான் ஏறினேன். கயிற்றின் மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு அம்மா முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

பரிசலில் போவதற்கும் கொப்பரையில் போவதற்கும் வித்தியாசம் என்னவென்றால், கொப்பரை போகாது, சுற்றும். அத்தை ஒரு தள்ளுத் தள்ளினால் எங்கள் ஊர் தெரியும், அடுத்த தள்ளுக்கு மாமா ஊர் தெரியும், அப்புறம் கொல்லிமலை, மறுபடியும் எங்கள் ஊர். எனக்குத் தலை கிறுகிறுத்தது. நான்கைந்து சுற்றுக்குப் பிறகுதான், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றித் தள்ளினால் நேராகப் போகும் என்று அத்தை கண்டுபிடித்தாள். பிடித்துக்கொண்ட பிறகு விடவே இல்லை. தோள் வலிக்குமே, கொஞ்சம் நில்லேன் என்றேன். காதில் வாங்கவில்லை. அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. எட்டு மாசமாகத் தலை குனிந்து அவரைக்காய் உரித்தவளா இவள் என்றிருந்தது. ஆவாரம்பூவெல்லாம் எங்களைச் சுற்றி மிதந்தது. நான் ராணி மாதிரி உட்கார்ந்து தூண்டிலைப் போட்டேன்.

அப்போதுதான் காலில் ஈரம் தட்டியது. கொப்பரையின் அடியில் ஓர் ஆணி விட்டுப்போயிருந்தது. போன வருஷம் காய்ச்சும்போதே ஒழுகியதை, அவசரத்துக்குத் துணியும் வெல்லப்பாகுமாக வைத்து அப்பா அடைத்திருக்கிறார். நெருப்பில் இறுகி நின்ற பாகு ஏரித் தண்ணீரில் நிற்குமா? கரைந்து, விரல் கனத்துக்குத் தண்ணீர் பீச்சியது. அத்தை ஒரு நொடி திரும்பிக் கரையைப் பார்த்தாள். நான் திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தன் குதிகாலை ஓட்டையின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு துடுப்பைத் தள்ளினாள். அப்படியும் இடுக்கில் கசிந்து, கணுக்கால் வரை தண்ணீர் ஏறிவிட்டது.

கயிறு இழுபட்டுக் கொப்பரை நின்றது. நடு ஏரிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. அந்தப் பக்கமிருந்து பரிசல் வந்துகொண்டிருந்தது. மெதுவாகத்தான் வந்தது. அப்புறம் எங்கள் கொப்பரை ஒரு பக்கம் தாழ்ந்திருப்பதைப் பார்த்தாரோ என்னவோ, மாமா எழுந்து நின்று வேகமாகத் தள்ளினார்.

பரிசல் பக்கத்தில் வந்து இடித்து நிற்கவும் என் தூண்டில் வளையவும் சரியாக இருந்தது. வெல்லம் கரைந்த ருசிக்கு ஏரியில் உள்ள கெண்டையெல்லாம் எங்களுக்கு அடியில்தான் திரண்டிருக்கிறது! நான் மீனு மீனு என்று கத்தினேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. மாமா அத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை மாமாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நூல் என் கையை அறுக்கிறது, இவர்கள் ஊமைகள் மாதிரி நிற்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"கூப்புட வந்திருக்கறேன். வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார் மாமா. எங்களுக்கு மட்டும்தான் கேட்டது.

அத்தை அசையவில்லை. "எங்கண்ணனுக்குக் கேக்கல. இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.

மாமா கிழக்குக் கரையைப் பார்த்தார். அங்கே துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா தண்ணீரோரம் வந்து நின்றிருந்தார். மாமா மூச்சை இழுத்து, இரண்டு கரைக்கும் கேட்கிற மாதிரி, "எம் பொண்டாட்டியக் கூப்புட வந்திருக்கறேனுங்க, மச்சான்!" என்று கத்தினார். எருமைகள் திரும்பிப் பார்த்தன. எங்கள் கரையில் குலவைச் சத்தம் கிளம்பியது.

என் மீனுக்காகத்தான் குலவை போடுகிறார்கள் என்று எனக்கு உற்சாகம் பொங்கியது. ஒரே இழுப்பாக இழுத்தேன். கெண்டை கொப்பரை விளிம்பில் வந்து விழுந்து துள்ளியது. என் தொடை கனம் இருக்கும். நான் தலையைக் கட்டிப்பிடித்தேன். நழுவிப் போகிறதே என்று மாமா சட்டென்று குனிந்து வாலைப் பிடித்தார். பிடித்தவர், சூடு பட்டதுபோல் கையை எடுத்துவிட்டார். அதற்குள் மீன் உள்ளே விழுந்திருந்தது. "உன்னுதுதான் சாமி, தலையிலிருந்து வால் முட்டும் உன்னுதுதான்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு பெரிய மீன் கை தவறிப்போனால் யாருக்குத்தான் கலங்காது?

அத்தை மூட்டையைப் பரிசலில் வைத்தாள். என் குதிகாலைப் பிடித்து ஓட்டையின் மேல் வைத்து அழுத்தினாள். என்ன ஆனாலும் காலை எடுக்காதே என்றாள். என் கன்னத்தில் முகத்தை வைத்து அழுத்தியவள், அந்தக் கன்னத்தை நனைத்துவிட்டுப் பரிசலுக்குள் தாண்டினாள். அம்மா கயிற்றை இழுக்கத் தொடங்கினாள். எங்கள் கொப்பரை இந்தப் பக்கம், அவர்கள் பரிசல் அந்தப் பக்கம். மாமா கூடவே வந்திருக்கலாம். ஆனால் அவர் எங்கள் கரையை மிதிக்க மாட்டாரே. கரைமேல் நின்ற பெண்களெல்லாம் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மடியில் கெண்டை, குதிகாலுக்கடியில் ஓட்டை, இடுப்பு வரை தண்ணீர். நான் காலை எடுக்கவில்லை. கெண்டையையும் விடவில்லை.

கரைக்கு வந்ததும் ஆளுக்கொரு பக்கம் என்னைத் தூக்கினார்கள், திருஷ்டி சுற்றினார்கள், அம்மா என்னை இறுக்கிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். ஒரு மீனுக்கு இவ்வளவா என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்து, கச்சாய மூட்டை அத்தையோடு போய்விட்டதே என்று அலறினேன். அதில் கச்சாயம் இல்லை என்று சொல்லி, அம்மா ஆலைக் கொட்டாயிலிருந்து வேறொரு சின்ன மூட்டையை எடுத்துக் கொடுத்தாள். கச்சாயம் கிடைத்துவிட்டது, அப்புறம் அதில் என்ன இருந்தால் எனக்கென்ன.

அப்பா தண்ணீரோரத்திலேயே நின்றார். அவர் கரையை யாரும் மிதிக்கவில்லை. கூப்பிடாமல் யாரும் போகவுமில்லை. கொப்பரையில் ஏறச் சொன்னதும் அவர்தான். அம்மா பக்கத்தில் போய், "மாப்பிள்ள வாக்கும் தப்பலைங்க, உங்க வாக்கும் தப்பலைங்க. நீங்க அந்தக் கரைக்குப் போகமாட்டேன்னு எப்பவும் சொல்லலைங்களே" என்றாள். அப்பா துண்டை உதறித் தலையில் கட்டினார். பிறகு குனிந்து என் கெண்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஏரிக்கரை மேலே மேற்கே நடந்தார்.

என் மீன்! நான் பின்னாலேயே ஓடினேன். குடுங்க, நான் பிடிச்சது, குடுங்க என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர் திரும்பவில்லை. கரை நெடுக ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். என் மீனை ஊர் ஊராகக் காட்டப் போகிறார் போலிருக்கிறது என்று பாதி வழியில் எனக்குத் தோன்றியது. அதன் பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, நான்தான் பிடித்தேன் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மாமா வீட்டு வாசலில் மாமா ஓடிவந்து மீனை வாங்கிக்கொண்டார். மாமாவின் அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்து அப்பாவை வாங்க என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அத்தை அதற்குள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள், நேற்றுவரை அங்கேயே இருந்தவள் மாதிரி.

பொழுது சாய்கிற நேரத்துக்கு இலை போட்டார்கள். அப்பா, மாமா, நடுவில் நான். அத்தை சட்டியிலிருந்து மீன் தலையை எடுத்து அப்பாவின் இலையில் வைத்தாள். அப்பா அதை மாமாவின் இலைக்குத் தள்ளினார். நீங்க சாப்பிடுங்க மச்சான் என்று மாமா திருப்பித் தள்ளினார். இல்ல மாப்பிள்ள, உங்களுக்குத்தான் என்று அப்பா மறுபடி தள்ளினார். என் மூக்குக்கு முன்னாலேயே இரண்டு தடவை போய்விட்டு வந்தது. இரண்டு பேரில் ஒருவரும் அதைத் தொட்டுத் தின்கிற மாதிரி தெரியவில்லை. கடைசியில் அப்பா அதை எடுத்து என் இலையில் வைத்தார்.

பின்னே, பிடித்தவளுக்குத்தானே தலை? இது இவர்களுக்கு முதலிலேயே தெரிய வேண்டாமா? நான் நிமிர்ந்து உட்கார்ந்து, செவுள், கண் ஒன்று விடாமல் உறிஞ்சித் தின்றேன். அப்பாவும் மாமாவும் சோற்றைப் பிசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலை கிடைக்காத ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அத்தை எதற்காக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள், அவள் தோள் ஏன் அப்படிக் குலுங்கியது என்பது மட்டும் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.